மாத்திரை டப்பாவின் சத்தம்



இந்தக் கல்லூரிப் பேச்சுக்கான தலைப்பைச் சொன்னதும் தொலைபேசியின் மறுமுனையில் கொஞ்சம் மௌனம். "கருத்தடைப் பொருள்கள், தொற்றுத் தடுப்புப் பொருள்கள்: பெண்களின் விருப்பத்தை ஆராய்வது எப்படி" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அழைப்பிதழில் "மகளிர் நல ஆய்வில் சில போக்குகள்" என்று அச்சாகி வந்தது. குறையாகச் சொல்லவில்லை. பொருளின் பெயரை அச்சிடவே கூச்சப்படுகிறோம். அதே பொருளைப் பற்றி ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்டால் எப்படிப்பட்ட பதில் வரும் என்பதற்கு அந்த அழைப்பிதழே நல்ல சான்று. அதனால் அமைப்பாளர்களுக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

களப்பணியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் ஊரில் கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். லூப் என்ற கருத்தடைச் சாதனத்தை வைத்துக்கொள்வது மிகவும் விருப்பம், விருப்பம், இரண்டுமில்லை, விருப்பமில்லை, அறவே விருப்பமில்லை என்று ஐந்து கட்டங்கள். ஒரு வீட்டில் திண்ணையில் மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மருமகள் முறத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் ஐந்து கட்டங்களையும் படித்து முடித்தேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், மாமியாரை ஒரு தடவை பார்த்தார். "உனக்கு எது சௌகரியமோ அதையே எழுதிக்க கண்ணு" என்றார். நான் "விருப்பம்" என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மதிய வெயில், இன்னும் பதினோரு வீடு பாக்கி. அந்த டிக் ஏதோ ஓர் அட்டவணையில் ஏதோ ஒரு சதவீதத்தின் துணுக்காக இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

நான் அன்று செய்த தவறை, பல கோடி டாலர் செலவில், மிகச் சிறந்த விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவில் எப்படிச் செய்தார்கள், பிறகு எப்படித் தாங்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. ஆப்பிரிக்கா ஏன் என்றால், இந்தக் கேள்வி உயிர்க்கேள்வியாக இருப்பது அங்கேதான். சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் 2022-ல் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்களில் 63 சதவீதம் பெண்களும் சிறுமிகளும் என்பது ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் கணக்கு.

கதை 1990-ல் தொடங்குகிறது. டர்பனில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய நோய்ப்பரவலியல் அறிஞர் ஜீனா ஸ்டைன், அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். அவர் கேட்டது எளிய கேள்வி. எச்.ஐ.வி.யைத் தடுக்க நம்மிடம் இருப்பது ஆணுறை. அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவன் ஆண். அவன் மாட்டேன் என்றால் பெண் என்ன செய்வாள்? அவனைக் கேட்காமல், அவனுக்குத் தெரியாமலேகூட அவள் பயன்படுத்தக்கூடிய ஒன்று வேண்டாமா? கருத்தடையில் மாத்திரையும் லூப்பும் ஊசியும் அவள் கைக்கு வந்துவிட்டன. தொற்றுத் தடுப்பில் அப்படி ஒன்றும் அன்று வரவில்லை. இன்று நடக்கும் ஆய்வுகளில் பலவும் அந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளைகள்.

முதலில் ஜெல். உறவுக்கு முன் பெண்ணே உள்ளே தடவிக்கொள்ளும் பசை. விந்தணுக் கொல்லியாக ஏற்கெனவே கடையில் விற்றுவந்த நானாக்சினால்-9 என்ற பொருள் கிருமியையும் கொல்லும் என்று நம்பினார்கள். 2000-ல் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வந்தபோது, அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்கு அது தொற்றைக் கூட்டியிருந்தது. அடுத்து செல்லுலோஸ் சல்பேட் என்ற ஜெல். இதில் நமக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்காவில் மூன்று இடங்களோடு, இந்தியாவில் பாகல்கோட்டிலும் சென்னையிலும் அந்த ஆய்வு நடந்தது. மொத்தம் 1,398 பெண்கள். 2007 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்துள்ள ஜெல்லை வாங்கியவர்களில் 25 பேருக்கும், மருந்தில்லாத ஜெல்லை வாங்கியவர்களில் 16 பேருக்கும் தொற்று வந்திருந்தது. சென்னைப் பெண்களும் இந்த அறிவியலுக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள் என்பதை நம் ஊர்ப் பாடப்புத்தகம் எதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை.

2010-ல் முதல் நல்ல செய்தி. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டாலில் குராய்ஷா அப்துல் கரீமும் அவர் குழுவினரும் டெனோஃபோவிர் மருந்து கலந்த ஜெல்லை 889 பெண்களிடம் சோதித்தார்கள். தொற்று 39 சதவீதம் குறைந்திருந்தது. வியன்னா மாநாட்டில் முடிவை அறிவித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இந்த ஆய்வில் ஜெல்லை உறவுக்கு முன் 12 மணி நேரத்துக்குள் ஒரு தடவை, உறவுக்குப் பின் 12 மணி நேரத்துக்குள் ஒரு தடவை தடவ வேண்டும். கணவன் வேறு ஊரில் வேலை பார்த்து எப்போதோ ஒருமுறை வந்துபோகும் பெண்கள் அந்தப் பகுதியில் நிறையப் பேர். அவர்களின் நாளோடு அந்த முறை ஓரளவு ஒத்துப்போனது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான ஆய்வுக்கு வருகிறேன். 'வாய்ஸ்' என்று பெயர், குரல் என்று பொருள். பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அது எவ்வளவு பொருத்தமாக அமையப் போகிறது என்று.

2009-ல் தொடங்கியது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் 5,029 பெண்கள். சிலருக்குத் தினமும் ஒரு மாத்திரை, சிலருக்கு, கணவன் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினமும் ஒரு தடவை ஜெல். இரண்டிலும் ஒரு பகுதியினருக்கு மருந்து, ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்றுப் பொருள். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மாதாமாதம் வர வேண்டும், மீதியைத் திருப்பித் தர வேண்டும், ஒழுங்காகப் பயன்படுத்தினீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்று கணினித் திரையில் தனியாகப் பதில் தரவும் ஏற்பாடு இருந்தது.

பெண்கள் சொன்ன கணக்குப்படி சுமார் 90 சதவீத ஒழுங்கு. திருப்பித் தந்த மாத்திரைகளை எண்ணினால் அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பொருந்தியது. எல்லாம் கச்சிதம். ஆனால் தொற்று குறையவே இல்லை. ஆய்வுக் காலத்தில் 312 பெண்களுக்கு எச்.ஐ.வி. வந்துவிட்டது. மருந்து தோற்றுவிட்டதா?

சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை எடுத்து மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். மாத்திரை பெற்றவர்களின் மாதிரிகளில் 30 சதவீதம் அளவிலும், ஜெல் பெற்றவர்களின் மாதிரிகளில் 25 சதவீதத்திலும்தான் மருந்தின் சுவடு இருந்தது. 90 எங்கே, 30 எங்கே! மாதக்கணக்காக, வருடக்கணக்காக, ஆயிரக்கணக்கான பெண்கள் டப்பாவை வாங்கிக்கொண்டு போய், மாத்திரையைச் சாப்பிடாமல் எங்கோ கொட்டிவிட்டு, சரியான எண்ணிக்கையில் மீதியை எண்ணிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு சிரத்தை வேண்டும்தானே.

முடிவு 2013-ல் வெளியானதும் எழுந்த பேச்சைப் படித்தால் வருத்தமாக இருக்கும். சொல் பேச்சுக் கேட்காத பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது போல் பேசினார்கள். பொய் சொன்னார்கள், இலவச சிகிச்சைக்கும் பயணப்படிக்கும் ஆசைப்பட்டு வந்தார்கள் என்றார்கள். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். "உனக்கு எது சௌகரியமோ அதையே எழுதிக்க கண்ணு" என்ற அதே பதிலைத்தான் இந்தப் பெண்களும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவருக்குத் தேவையான விடையை வாயால் கொடுத்தார்கள். தங்கள் விடையை ரத்தத்தில் வைத்திருந்தார்கள்.

நல்ல வேளையாக, அந்த ஆய்வுக் குழுவிலேயே சமூக அறிவியலாளர்கள் இருந்தார்கள். ஆரியான் வான் டெர் ஸ்ட்ராட்டன் அவர்களில் முதன்மையானவர். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே ஜோகன்னஸ்பர்க்கில் பெண்களோடும் அவர்களுடைய ஆண்களோடும் ஊர்க்காரர்களோடும் உட்கார்ந்து பேசினார்கள். ஆய்வு முடிந்த பிறகு அவர்கள் செய்ததுதான் துணிச்சலான வேலை. பெண்களை மறுபடி அழைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினார்கள். "உங்கள் ரத்தத்தில் மருந்து இத்தனை தடவை இருந்தது, இத்தனை தடவை இல்லை" என்று. குற்றம் சாட்டுவதற்காக இல்லை, "இதைப் புரிந்துகொள்ள உதவுங்கள்" என்று கேட்பதற்காக. முதலில் சிலர் திகைத்தார்கள், சிலர் மறுத்தார்கள். அதன் பிறகு பேச்சு வந்தது.

என்ன சொன்னார்கள்? மாத்திரை எச்.ஐ.வி. மருந்து. நோய் வந்தவர்கள் சாப்பிடும் அதே மருந்தை நோய் வராமலிருக்க நான் சாப்பிடுகிறேன் என்றால் பக்கத்து வீட்டில் யார் நம்புவார்கள்? கையில் டப்பாவைப் பார்த்தவுடனே "அவளுக்கும் வந்துவிட்டது" என்று ஊர் முடிவு கட்டிவிடும். மறைத்து வைக்கலாம் என்றால் டப்பா குலுங்கும். நடக்கும்போது பைக்குள் கிலுகிலுவென்று சத்தம் போடும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்ப்பார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஒரு மூலக்கூறை உருவாக்க, அதன் நச்சுத்தன்மையை அளக்க, அளவை நிர்ணயிக்க எத்தனை ஆண்டுகள்! டப்பா சத்தம் போடுமா என்று ஒருவர் ஒரு நாள் குலுக்கிப் பார்த்திருக்கலாம்.

பிறகு பயம். உடம்பு நன்றாக இருக்கும்போது தினமும் மாத்திரை எதற்கு? வாந்தி வரும், வயிற்றைப் புரட்டும் என்று கேள்வி. இது மருந்தா வெற்று மாத்திரையா என்றே தெரியாதபோது அதற்காக ஏன் அவஸ்தைப்பட வேண்டும்? மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் பெண்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். நீ சாப்பிடுகிறாயா, நானும் இல்லை. அறைக்குள்ளே போனதும் எல்லோரும் "ஆமாம், தினமும்" என்றார்கள். இல்லை என்றால் ஆய்வை விட்டு அனுப்பிவிடுவார்களோ, நல்ல பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்கும் ஒரே இடத்தை இழந்துவிடுவோமோ என்ற அச்சம். ஆண்களின் சம்மதம் இன்னொரு சிக்கல். ஜீனா ஸ்டைன் கனவு கண்ட, கணவனுக்குத் தெரியாமல் பயன்படுத்தும் பொருள் காகிதத்தில் சாத்தியம். ஒற்றை அறை வீட்டில் தினமும் ஜெல் குழாயை எங்கே ஒளித்து வைப்பது?

கேளுங்கள், இவற்றில் ஒன்றுகூட மருந்தியல் இல்லை. எல்லாமே வீட்டியல்.

இங்கே ஆய்வு முறையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், மாணவிகளுக்காக. விருப்பத்தை அறிய மூன்று வழிகள் உண்டு. வாயால் கேட்பது முதல் வழி. "இப்படி ஒரு பொருள் வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று ஜெல் வருவதற்கு முன்னால் உலகெங்கும் கேட்டார்கள். பெரும்பாலும் "ஆமாம்". இல்லாத பொருளுக்கு ஆமாம் சொல்ல யாருக்கும் செலவில்லை.

இரண்டாவது, கற்பனைப் பொருள்களை இரண்டிரண்டாக வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. இடது பக்கம், மாதம் ஒரு முறை போட வேண்டிய ஊசி, கர்ப்பத்தையும் தடுக்கும், ஆனால் மாதவிலக்கு ஒழுங்கு மாறும். வலது பக்கம், தினமும் மாத்திரை, மாதவிலக்கு மாறாது, ஆனால் தொற்றை மட்டும் தடுக்கும். எது? பிறகு இன்னொரு ஜோடி, இன்னொரு ஜோடி. ஜவுளிக்கடைக்கு வந்தவள் ஜரிகை அதிகமாக இருந்தால் விலையை விட்டுக்கொடுப்பாள், சாயம் போகும் என்றால் எந்த விலைக்கும் எடுக்க மாட்டாள் என்று தேர்ந்த விற்பனையாளருக்குத் தெரியுமல்லவா, அந்த மாதிரி எதற்காக எதை விட்டுக்கொடுக்கிறாள் என்பதைக் கணக்குப் போடும் முறை. முதல் வழியைவிட நல்லது. ஆனாலும் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. சேலை உடம்பில் எப்படி இருக்கும் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

மூன்றாவது வழி, வீட்டுக்கே கொடுத்து அனுப்புவது. கென்யாவின் கிசுமு, தென்னாப்பிரிக்காவின் சொஷாங்குவே ஆகிய இரண்டு இடங்களில் 18 முதல் 30 வயதுள்ள 277 பெண்களிடம் 'ட்ரையோ' என்ற ஆய்வு நடந்தது. மருந்தே கிடையாது, எல்லாம் வெற்றுப் பொருள்கள். ஒரு மாதம் தினசரி மாத்திரை, ஒரு மாதம் யோனி வளையம், ஒரு மாதம் ஊசி. மூன்றையும் வாழ்ந்து பார்த்த பிறகு, பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மேலும் இரண்டு மாதம். கருவையும் தொற்றையும் ஒருசேரத் தடுக்கும் பொருள் பிற்காலத்தில் இந்த வடிவங்களில் எதில் வர வேண்டும் என்பதுதான் கேள்வி. ஊசிதான் தெளிவாக முன்னால் வந்தது. வலிக்கும் என்று தெரியும். ஆனால் போட்டுவிட்டால் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, குலுங்க ஒன்றுமில்லை, கருத்தடை ஊசிக்கு அந்தப் பெண்களில் பலர் ஏற்கெனவே பழகியவர்கள். மருந்தைக் கண்டுபிடித்த பின் பெண்ணைத் தேடிப் போகும் வழக்கத்தை இந்த ஆய்வு தலைகீழாக்கியது. என் மதிப்பீட்டில் இந்தத் துறையில் நடந்த மிக நேர்மையான ஆய்வுகளில் ஒன்று.

வளையம் என்றேன். பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். டாபிவிரின் என்ற மருந்தைச் சுமந்த சிலிக்கோன் வளையம். 56 மில்லிமீட்டர் விட்டம். வளையல் கடையில் "ரெண்டு நாலு" கேட்டால் தருவார்களே, அந்த வளையலுக்குள் இது சரியாக அடங்கி உட்காரும். தடிமன் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரலால் அழுத்தினால் எட்டு எண் போல் மடங்கும், விட்டால் பழைய வடிவுக்கு வரும். பெண்ணே உள்ளே வைத்துக்கொள்ளலாம், மாதம் ஒரு முறை மாற்றினால் போதும். உள்ளே 25 மில்லிகிராம் மருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

முதன்முதலில் இதைக் கையில் வாங்கிய பெண்களின் முகத்தை யோசித்துப் பாருங்கள். இவ்வளவு பெரிதா? உள்ளே போய்த் தொலைந்துவிட்டால்? கர்ப்பப்பைக்குள் ஏறிவிட்டால்? கணவனுக்குத் தட்டுப்படுமே? ஏறாது, கருப்பை வாய் அதைத் தாண்ட விடாது என்று படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் கேள்வித்தாளை நீட்டியிருந்தால் வளையம் அன்றே தோற்றிருக்கும். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது பலருக்கு அது இருப்பதே மறந்துபோயிருந்தது. மாத்திரையோ தெரிந்த பொருளாக உள்ளே வந்து, போகப் போகப் பாரமானது. முதல் நாள் விருப்பத்தை மட்டும் அளந்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வளையத்தின் முடிவு 2016-ல் வந்தது. ஒரு பெரிய ஆய்வில் 27 சதவீதம், இன்னொன்றில் 31 சதவீதம் தொற்று குறைந்திருந்தது. 21 வயதுக்கு மேற்பட்டவர்களில் நல்ல பலன். 18 முதல் 21 வரை பலனே தெரியவில்லை. இளம்பெண்கள் வளையத்தைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்பது முக்கியக் காரணம். மறுபடியும் "இந்தக் காலத்துப் பெண்கள்" என்ற பேச்சு எழுந்திருக்கலாம். அதற்கு மாறாக, 16 முதல் 21 வயதுள்ள 247 பேரிடம் 'ரீச்' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். ஆறு மாதம் வளையம், ஆறு மாதம் மாத்திரை, கடைசி ஆறு மாதம் நீயே தேர்ந்தெடு, இரண்டும் வேண்டாம் என்றாலும் சரி. கூடவே நிறையப் பேச்சு, தோழிகளின் குழு, அவரவர் மருந்தளவை எடுத்துச் சொல்வது, வீட்டில் என்ன தடை என்று கேட்பது. ஒழுங்கு முந்தைய ஆய்வுகளைவிட மிக நன்றாக உயர்ந்தது. தேர்வு கையில் வந்தபோது மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் வளையத்தை எடுத்தார்கள். ஏறக்குறைய அதே வயது, ஏறக்குறைய அதே நாடுகள், அதே வளையம்.

2021 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த வளையத்தைக் கூடுதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொடுத்திருந்த விண்ணப்பத்தை வளையத்தை உருவாக்கியவர்கள் திரும்பப் பெற்றார்கள். அங்கே ஒப்புதல் கிடைக்க வாய்ப்பில்லை என்று தெரிந்துவிட்டது. பெண்ணுக்குப் பிடித்தது எது என்று பத்து ஆண்டுகள் ஆராயலாம். அலமாரியில் எதை வைப்பது என்பதை முடிவு செய்பவர் வேறு எங்கோ இருக்கிறார்.

கருத்தடையையும் தொற்றுத் தடுப்பையும் சேர்த்தே சொல்லிவருகிறேன். ஏன் என்று கேட்கலாம். 2019-ல் வெளியான 'எக்கோ' ஆய்வு மூன்று கருத்தடை முறைகளை ஒப்பிட்டது: மூன்று மாத ஊசி, காப்பர் டி, கையில் பொருத்தும் குச்சி. எஸ்வாட்டினி, கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியாவில் 7,829 பெண்கள். எந்த முறை தொற்றுக்கு வழிவிடுகிறது என்பது கேள்வி. மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பது விடை. எனக்கு உறுத்துவது வேறொரு எண். கருத்தடை வேண்டி வந்த இந்தப் பெண்களில் 397 பேருக்கு ஆய்வுக் காலத்தில் எச்.ஐ.வி. வந்தது. இவர்கள் தங்களை ஆபத்தில் இருப்பவர்களாக நினைத்து வந்தவர்கள் இல்லை. பிள்ளை இப்போது வேண்டாம் என்று வந்தவர்கள்.

கர்ப்பம் என்ற கவலையைப் பெண் வெளிப்படையாகச் சொல்லலாம். நோய் என்ற கவலையைச் சொன்னால், புருஷனைச் சந்தேகிக்கிறாள் என்று பொருளாகிவிடும், அல்லது அவளையே சந்தேகிப்பார்கள். ஆகவே தொற்றுத் தடுப்பைக் கருத்தடைக்குள் மடித்துக் கொடுத்தால் அவளுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. ஒரே மாத்திரையில் கருத்தடையையும் எச்.ஐ.வி. தடுப்பையும் சேர்க்கும் முயற்சி நடக்கிறது. 28 மாத்திரை கொண்ட அட்டை, கடைசி ஏழில் ஹார்மோன் இல்லை, தடுப்பு மருந்து மட்டும் உண்டு. இதற்கு நான் முழு மனத்தோடு ஆதரவாளன் இல்லை. ஹார்மோனால் ரத்தப்போக்கு மாறி, அது பிடிக்காமல் ஒரு பெண் அட்டையைத் தூக்கி எறிந்தால், இரண்டு பாதுகாப்பும் ஒரே நாளில் போய்விடும். தாய்மையை விரும்பும், ஆனால் நோய்க்கு அஞ்சும் பெண்ணுக்கு இது உதவவே உதவாது. அதோடு, தினமும் ஒன்று விழுங்க வேண்டிய அதே மாத்திரை. இரண்டையும் தடுக்கும் பொருள் ஒன்று ஏற்கெனவே இருக்கத்தான் செய்கிறது. அது ஆணுறை. அதற்கு மறுபடி ஆணின் சம்மதம் வேண்டும்.

நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த எண்ணைப் பார்த்து, தமிழ்ப் பெண்களின் விருப்பம் ஆபரேஷன்தான் என்று எழுதும் அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம், படுக்கையிலேயே, "அப்படியே முடித்துவிடலாமா" என்று கேட்டு, கணவனும் மாமியாரும் தலையாட்டிய பின் நடப்பதற்குப் பெயர் விருப்பமா? சிலருக்கு ஆம், அது விடுதலையும்கூட. எத்தனை பேருக்கு என்பதை அந்த 57.8 சொல்லாது. ஓர் உணவகத்தில் இட்லி மட்டும் இருந்தால், வருகிறவர் எல்லாம் இட்லிப் பிரியர்கள் ஆகிவிடுவார்கள்.

கடைசியாக, இந்தக் கதையின் மிகப் பெரிய வெற்றி. லெனகாபவிர் என்ற மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுப் பெண்களிடம் சோதித்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. பூஜ்யம்! இந்தத் துறையில் யாரும் கனவில்கூட எதிர்பார்க்காத எண்.

செய்தித்தாள்கள் பூஜ்யத்தோடு நின்றுவிட்டன. அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். ஒப்பீட்டுக்காகத் தினசரி மாத்திரை பெற்றவர்களும் இருந்தார்கள். ஒரு மாத்திரைப் பிரிவில் 2,136 பேரில் 39 பேருக்கும், இன்னொன்றில் 1,068 பேரில் 16 பேருக்கும் தொற்று. ரத்தத்தைப் பார்த்தால் பெரும்பாலோர் மாத்திரையை ஒழுங்காக எடுக்கவில்லை. 'வாய்ஸ்' முடிந்து பத்து ஆண்டுக்கு மேல் கழித்து, வேறொரு தலைமுறைப் பெண்கள் கொடுத்த அதே விடை. தினசரி மாத்திரை எங்களுக்கு ஆகாது என்று இத்தனை தடவை, இத்தனை தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும் குற்றம் அவர்கள் மேல் என்றால் நமக்குக் காது கேட்கவில்லை என்றுதான் பொருள்.

ஊசியோடு ஆராய்ச்சி முடிந்துவிடுமா என்றால், இல்லை. ஊசி போட்ட இடத்தில் பலருக்குத் தோலுக்கடியில் சிறு கட்டி மாதிரித் தங்குகிறது. பெரும்பாலும் வலிக்காது, நாளாவட்டத்தில் கரையும். அதற்காக ஊசியை விட்டவர்கள் ஆய்வில் மிகச் சிலரே. ஆனால் ஆய்வுக்கு வெளியே, இரவில் வயிற்றைத் தொடும் கை "இது என்ன?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? நேற்று டப்பாவின் சத்தம், நாளை இந்தக் கட்டி. விலையும் இருக்கிறது. அமெரிக்காவில் 2025-ல் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். நம் ஹைதராபாத்தின் இரண்டு நிறுவனங்கள், டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும், 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்கு ஏழை நாடுகளுக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அது நடந்தால், கிசுமுவில் ஒரு பெண்ணின் தேர்வு ஹைதராபாத் தொழிற்சாலையின் கையில் இருக்கும்.

மாணவிகளிடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களில் சிலர் அடுத்த ஆண்டு களத்துக்குப் போவீர்கள். மாமியார் திண்ணையில் இருந்தால் அந்த வீட்டுக்கு இன்னொரு நாள் போங்கள். பொருளைப் பற்றிப் பேசும்போது பொருளைக் கையில் எடுத்துப் போங்கள், குலுக்கிப் பாருங்கள், எங்கே ஒளித்து வைப்பீர்கள் என்று கேளுங்கள். "பயன்படுத்தவில்லை" என்ற கட்டத்துக்குக் கீழே நான்கு வரி காலியாக விடுங்கள், அதை அவர் சொல்வதைக் கொண்டு மட்டும் நிரப்புங்கள். பதினோரு வீடு பாக்கி இருந்தால் இருக்கட்டும்.